கிட்டங்கியில் நின்றுபோன மெசின்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

இன்னும் சில கிழமைகளில் மாரி மழை பிடித்துவிடும். வழமைபோல கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். கல்முனைப் பக்கமும் நாவிதன்வெளிப் பக்கமும் இரண்டு ஊராகப் பிரிந்து நிற்கும். நமது கடற்கரை வள்ளங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஆற்றுக்கு வரும். அதற்கு முன் இரண்டு விடயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, ஆற்றுவாழைக்குள் ஓடுகிற மெசின் ஏன் சூடேறி நின்றுபோகிறது, அதை எப்படித் தடுப்பது என்பது. மற்றது, ஆறு வருடமாக நான் தீர்க்காமல் வைத்திருக்கும் ஒரு கடன்.

அந்த வருடமும் மார்கழி வெள்ளம். பள்ளிவாசலில் இளைஞர்கள் கூடி, கடலுக்குப் போகாமல் கிடந்த ஒரு பைபர் வள்ளத்தைக் கேட்டு எடுத்தோம். வள்ளத்தின் சொந்தக்காரரைக் காக்கா என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். பதினைந்து குதிரைவலு மண்ணெண்ணெய் மெசின். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. "வாடகை வேணாம் சேர், எண்ணெய மட்டும் பாத்துக்கங்க" என்றார் காக்கா. மூன்று நாள் பகலெல்லாம் ஆட்களையும் சாப்பாட்டுப் பார்சல்களையும் ஏற்றி இறக்கினார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் அக்கரையில் இருப்பதால் அங்குள்ள வீடுகள் எனக்குத் தெரியும். அதனால் வழிகாட்டியாக வள்ளத்தில் இருந்தேன்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு சவளக்கடைப் பக்கமிருந்து ஒரு கோல். என்னிடம் படித்த பிள்ளை. மாப்பிள்ளை கட்டாரில். பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது, தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி இக்கரையில். போகும்போது வழி துப்புரவாக இருந்தது. பிள்ளையையும் அவளுடைய உம்மாவையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வாடைக்காற்று எழும்பி, வயல் பக்கமிருந்து ஆற்றுவாழைக் கூட்டத்தை அப்படியே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. போன வழி இல்லை. பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது.

காக்கா வேகத்தைக் குறைத்து, இடைவெளி பார்த்து உள்ளே விட்டார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி மெசினைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சேர், மெசின் தண்ணி அடிக்கல்ல. நிப்பாட்டி ஒருக்கா தூக்கிப் பாக்கணும்."

நான் என்ன சொன்னேன் என்பதை உங்களுக்கு முன்னால் அப்படியே எழுதுகிறேன்.

"இப்பவா காக்கா? அந்தா கரை தெரியுது. நிப்பாட்டாதீங்க, சுறுக்கா உடுங்க!"

அவர் ஒரு கணம் யோசித்தார். நான் இன்னொரு முறை சத்தம் போட்டேன். பிள்ளையும் அந்த நேரம் நோவில் கத்தியது. காக்கா எக்ஸிலேட்டரை முறுக்கினார். மெசின் சத்தம் கூடியது, வள்ளம் அதற்கேற்ப ஓடவில்லை. ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை நிமிடம். பெயின்ட் கருகும் மணம் வந்தது. சத்தம் கனத்து, இழுத்து, திடீரென்று நின்றது. ஸ்டார்ட் கயிற்றை இழுத்தார். கயிறு அசையவில்லை. உள்ளே இறுகிவிட்டது.

நான் அவசரத்தில் வாளியில் தண்ணீர் அள்ளி மெசின் தலையில் ஊற்றப் போனேன். காக்கா கையைப் பிடித்தார். "ஊத்தாதீங்க சேர். சூட்டுல வெடிச்சிரும்."

மெசின் நின்ற வள்ளம் வெள்ளத்தில் சும்மா நிற்பதில்லை. ஆற்றோட்டம் எங்களைக் குறுக்கே இழுத்தது. வீதியோரத்து லைட் கம்பம் ஒன்று தண்ணீருக்கு மேல் நின்றதால் காக்கா அதில் கயிற்றைப் போட்டுக் கட்டினார். நற்பிட்டிமுனைப் பக்கமிருந்து இரண்டு தம்பிமார் சின்னத் தோணியில் கம்பு ஊன்றி ஊன்றி வந்து எங்களை இழுத்துப் போனார்கள். அவர்கள் இன்ன மதம் இன்ன ஊர் என்று அந்த நேரம் யாரும் கேட்கவில்லை. கரைக்கு வர மஃரிப் தாண்டிவிட்டது. ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பது நிமிடத்துக்கு மேல் தொலைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

மறுநாள் ஊரில் என்ன பேச்சு தெரியுமா? "கடல் ஆளுக்கு ஆத்துல ஓடத் தெரியாது. மெசினையும் பழுதாக்கி, ஆட்களையும் சாகக் கொடுக்கப் பாத்தான்." சந்தியில், தேத்தண்ணிக் கடையில், பள்ளிவாசல் வாசலிலும்கூட. காக்கா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அங்கே இருந்த நானும் சொல்லவில்லை. நான் சேர் அல்லவா. சேர் சத்தம் போட்டுத்தான் மெசின் எரிந்தது என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்று சொல்கிறேன். காக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவர் சரியான நேரத்தில் சரியான விடயத்தைச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

மெசினைத் திருத்தக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். மெசின் பாஸ் அதைக் கழற்றி ஒவ்வொரு சாமானாகக் கையில் தந்து விளங்கப்படுத்தினார். அன்று நான் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

கார், வானில் இருப்பதுபோல வள்ளத்து மெசினில் ரேடியேட்டர் கிடையாது. ஓடுகிற தண்ணீரையே உறிஞ்சி, அதாலேயே தன்னைக் குளிராக்கிக்கொள்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் மெசின் காலில், விசிறிக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பக்கமும் சல்லடை மாதிரிக் கீறல்கள் இருக்கும். தண்ணீர் போகிற வாசல் அதுதான். காலுக்குள்ளே ஒரு சின்ன றப்பர் சக்கரம், பூ இதழ் மாதிரி, இம்பெல்லர் என்பார்கள். அது சுற்றித் தண்ணீரை மேலே தலைக்குத் தள்ளும். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு சேர்ந்து கீழே வெளியேறும். அதில் ஒரு சிறு பங்கு மட்டும் மெசினின் பின்பக்கத்து ஓட்டையால் நூல் மாதிரிப் பீச்சிக்கொண்டு வெளியே வரும். "தண்ணி அடிக்குதா" என்று மீனவர்கள் கேட்பது அந்த நூலைத்தான். காக்காவின் மெசினில் எச்சரிக்கை மணியோ சிவப்பு லைட்டோ இல்லை. அந்த நூல்தான் மணி, அதுதான் லைட்.

ஆற்றுவாழையின் வேர் கறுத்த தலைமயிர் மாதிரி நீளமாகத் தொங்கும். மெசின் உறிஞ்சும்போது அந்த வேர் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சும் வரை விழாது. வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் இறுகும். தண்ணீர் வரவில்லை, ஆனால் நெருப்பு மட்டும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். ஈரமில்லாமல் சுற்றுகிற றப்பர் சக்கரம் சீக்கிரமே கருகிவிடும். பிஸ்டன் அலுமினியம், அதைச் சுற்றியுள்ள சிலிண்டர் சுவர் இரும்பு. அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரியும். விரிந்து, ஒயில் படலம் எரிந்து, சுவரைச் சுரண்டி, அப்படியே இறுகும்.

பாஸ் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கம். வெப்பத்தால் விரிவடைதலை வருடா வருடம் படிப்பிக்கிற விஞ்ஞான ஆசிரியர் நான். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4200 யூல் வேண்டும், அதனால்தான் நீர் நல்ல குளிராக்கி என்று கரும்பலகையில் எழுதுகிறவன். அந்த நீர் வரவில்லை என்று ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்ல, "சுறுக்கா உடுங்க" என்று கத்தியவனும் நான்தான்.

இனி, வருகிற மாரிக்கு வள்ளத்தோடு இறங்கப் போகும் தம்பிமாருக்கு. கடலில் பழகியவர்களுக்கு இதில் பாதி தெரியும். தெரியாதவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு ஆளின் வேலை அந்த நூலைப் பார்ப்பது மட்டும். ஓட்டுகிறவர் முன்னால் வழி பார்க்க வேண்டும், எப்போதும் திரும்பிப் பார்க்க ஏலாது. ஆகவே பின்னால் இருக்கிற ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். நூல் மெலிந்தால், விட்டு விட்டு வந்தால், ஆவி கலந்து வந்தால் உடனே சொல்ல வேண்டும். சொன்னதும் நிறுத்த வேண்டும். அதில் விவாதம் கிடையாது.

2. ஆற்றுவாழைக்குள் வேகம் கூடாது. முடிந்தவரை சுற்றிப் போங்கள். சுற்ற வழி இல்லையென்றால், கூட்டத்துக்குள் நுழைய முன்னரே மெசினை நிறுத்தித் தூக்கிவிட்டு, வந்த வேகத்தில் வள்ளத்தை வழுக்க விடுங்கள். மிச்சத்துக்குக் கம்பு ஊன்றுங்கள். ஆகவே இரண்டு நீளக் கம்பும், ஒரு துடுப்பும், நல்ல கயிறும் இல்லாமல் வள்ளம் இறங்கவே கூடாது. எங்களிடம் அன்று இருந்தது கயிறு மட்டும்.

3. நூல் நின்றால் முதலில் மெசினை நிறுத்துங்கள். உறிஞ்சுவது நின்றால் ஒட்டியிருந்த வேரில் பாதி தானாகவே விழும். பிறகு தூக்கி, சல்லடையையும் விசிறியையும் கையால் துப்புரவாக்குங்கள். மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது விசிறிப் பக்கம் கையைக் கொண்டுபோகவே வேண்டாம். இலேசாக ஒட்டியிருந்தால், குறைந்த வேகத்தில் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டினாலும் கழன்றுவிடும்.

4. துப்புரவாக்கியும் நூல் வரவில்லையென்றால், அந்தச் சின்ன ஓட்டையே மண்ணாலோ உப்பாலோ அடைபட்டிருக்கலாம். நைலோன் தங்கூசித் துண்டு ஒன்றை உள்ளே விட்டுக் குத்திப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் ஓட்ட வேண்டாம். மெசினை மறந்துவிட்டுக் கம்பை எடுங்கள்.

5. சூடேறிய மெசினுக்கு மேலே குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம். சூடான கண்ணாடிக் கோப்பையில் ஐஸ் தண்ணீர் ஊற்றின மாதிரி உலோகம் கோணும், வெடிக்கும். மூடியைத் திறந்து, தானாகக் குளிர விடுங்கள்.

6. ஆட்களை ஏற்றும் முறையும் முக்கியம். எல்லோரும் முன்னுக்குப் போய் இருந்தால் பின்பக்கம் எழும்பி, தண்ணீர் வாசல் மேலே வந்து காற்றை உறிஞ்சும். ஆழம் குறைந்த இடத்தில் மெசினைக் கொஞ்சம் தூக்கி ஓட்டலாம், ஆனால் வாசல் தண்ணீருக்குள்ளேதான் இருக்க வேண்டும். தரை தட்டும் ஆழத்தில் ஓட்டினால் சேற்றைக் குடிக்கும். சேறு றப்பர் சக்கரத்தைத் தேய்த்துவிடும்.

7. தண்ணீர் இல்லாமல் கரையில் வைத்து "ஸ்டார்ட் ஆகுதா" என்று பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். அரை நிமிட ஆசைக்கு றப்பர் சக்கரம் போய்விடும். பார்க்க வேண்டுமென்றால், வெட்டிய பிளாஸ்டிக் பெரல் ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பி, வாசல் மூழ்கும்படி மெசின் காலை அதற்குள் இறக்கிப் பாருங்கள். கடலுக்குப் போய் வந்ததும் அதே பெரலில் ஐந்து பத்து நிமிடம் ஓட விட்டால் உள்ளே படிந்த உப்பும் கழுவிப் போகும். உப்புப் படிந்து தண்ணீர்ப் பாதை ஒடுங்கின மெசின்தான் ஆற்றுவாழைக்குள் முதலில் மாட்டும்.

8. மாரிக்கு முன் ஒருமுறை காலைக் கழற்றி அந்த றப்பர் சக்கரத்தைப் பாருங்கள். இதழ்கள் மடிந்தே நின்றால், வெடித்திருந்தால், விறைத்திருந்தால் மாற்றுங்கள். விசிறிக்குப் பின்னால் தங்கூசி சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஒயில் சீலை அறுத்துவிடும். கியர் ஒயில் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தக் கடைசி விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். "மாற்றுங்கள்" என்று எழுதுவது எனக்கு இலேசு. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. அந்த அடியிலிருந்து நமது சிறு மீனவர்கள் இன்னும் எழும்பவில்லை. எண்ணெய்க்கே கடன் வாங்குகிறவர், ஓடிக்கொண்டிருக்கிற றப்பர் சக்கரத்தை எப்படி மாற்றுவார்? வெள்ளத்துக்கு அவர்களுடைய வள்ளத்தைக் கேட்கிற நாம், மழைக்கு முன் அவர்களுடைய மெசினுக்கு என்ன தேவை என்றும் கேட்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் கழகங்களும் சாப்பாட்டுப் பார்சலுக்குச் சேர்க்கிற காசில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால், ஒரு றப்பர் சக்கரம் எத்தனையோ பார்சலை அக்கரை சேர்க்கும். ஒரு தாயையும் இக்கரை சேர்க்கும்.

இன்னொன்று. பாஸ் அந்தச் சல்லடையிலிருந்து எடுத்தது வேர் மட்டுமல்ல. வேரோடு சேர்ந்து ஒரு சொப்பிங் பேக்கும் இருந்தது. வேர் வழி விட்டாலும் விடும், அது விடாது. ஆற்றுவாழை நமது நாட்டுச் செடியல்ல. தென்னமெரிக்காவிலிருந்து, பூ அழகாயிருக்கிறதென்று நூறு வருடத்துக்கு முன்னர் கொண்டுவரப்பட்டது. 1909 இலேயே அதைத் தடுக்க இங்கே சட்டம் போட வேண்டி வந்தது. அது இவ்வளவு செழிப்பாக வளர்வதற்குத் தீனி போடுகிறவர்கள் நாம்தான். வயல் உரமும் வீட்டுக் கழிவுத் தண்ணீரும் தோணாவுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் போகப் போக அது பெருகும். அதற்கு மேலே நாம் எறிகிற பைகள். அன்று மெசினை மூச்சு முட்டவைத்த பை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டிலிருந்து வந்திருக்காது என்று சத்தியம் பண்ணவும் முடியாது.

காக்காவின் மெசின் திரும்ப ஓட மூன்று கிழமை சென்றது. பள்ளிவாசலில் சேர்த்த காசு பாதிச் செலவுக்குத்தான் காணும். மிச்சத்தை அவர் எப்படிச் சமாளித்தார் என்று அப்போது நான் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, மனைவியின் காப்பு வங்கிக்குப் போயிருந்தது. போன மாதம் அவருடைய வீட்டுக்குப் போய், என்னால் முடிந்ததைக் கையில் கொடுத்து, மாப்புக் கேட்டேன். வாங்க மறுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"சேர், நீங்க சத்தம் போட்டது எனக்குக் கோவமில்ல. அந்தப் புள்ளட சத்தத்துக்கு யாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா நான் நிப்பாட்டியிருக்கணும். மெசின் என்ட கையில. படிச்ச ஆள் சொல்றாரே எண்டு கேட்டுட்டன். அதுதான் என்ட பிழ."

அவர் அதையும் தன் பிழையாகவே எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில்தான் இந்தப் பதிவை எழுத முடிவு செய்தேன். வள்ளத்தில் சேரும் கிடையாது, ஹாஜியாரும் கிடையாது, தலைவரும் கிடையாது. மெசினைப் பிடித்திருக்கிறவர் "நிப்பாட்டணும்" என்றால் நிற்க வேண்டும். அவசரமான நேரத்தில் நிற்பதுதான் கஷ்டம், அந்த நேரத்தில்தான் அது அதிகம் தேவைப்படும்.

அன்று வள்ளத்தில் வந்த பிள்ளையின் மகன் இந்த வருடம் நமது பள்ளிக்கூடத்தில் முதலாம் தரம். சேர்க்க வந்த அன்று அவள் என்னைக் கண்டு சலாம் சொன்னாள். பழைய கதை வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்டைக்கி நடந்ததுல மத்ததெல்லாம் மறந்துட்டன் சேர். நீங்க அந்தக் காக்காக்கு ஏசினது மட்டும் ஞாபகம் இரிக்கி."

எனக்கும் அதுதான் ஞாபகம் இருக்கிறது.

காக்காவைப் பற்றி அன்று தேத்தண்ணிக் கடையில் பேசியவர்களில் யாராவது இதை வாசித்தால், அடுத்த முறை அவரைக் காணும்போது ஒரு சலாம் சொல்லுங்கள். அது போதும்.

அனுபவமுள்ள மீனவ சகோதரர்கள் நான் விட்டதைக் கீழே எழுதுங்கள், பிழை இருந்தால் திருத்துங்கள். வெள்ளத்துக்கு இறங்கும் இளைஞர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள். வருகிற மாரியில் அல்லாஹ் நம் எல்லோரையும், ஆற்றின் இரண்டு கரையிலும் உள்ளவர்களையும், பாதுகாப்பானாக. ஆமீன்.